கேளிக்கைப் பூங்காச் சுற்றுலாவும் மது அருந்துதலும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மாடம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் போன்ற பகுதிகளில் வசிப்போருக்குக் கேளிக்கைப் பூங்கா என்பது வெளியூர்ப் பயணம் அன்று. தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தாவிற்குச் சிறு வயதில் சென்று வந்த தலைமுறை, இன்று தன் பிள்ளைகளைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள பூங்காக்களுக்கும், திருப்போரூர் அருகே இள்ளலூரில் தொடங்கப்பட்டுள்ள வொண்டர்லாவிற்கும் அழைத்துச் செல்கிறது. காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்பிவிடலாம். இத்தகைய ஒருநாள் பயணங்களில் வயதுவந்தோர் சிலர் மது அருந்துவதும், அதனால் நேரும் உடல்நலக் கேடுகளும், குடும்பத்தில் ஏற்கெனவே சிகிச்சை பெற்று வருபவருக்கு அதனால் உண்டாகும் தனிப்பட்ட ஆபத்துகளும் இப்பக்கத்தில் விளக்கப்படுகின்றன.

குடிப்பழக்கத்திற்கு அடிமையான ஒருவரை உடன் அழைத்துச் செல்ல எண்ணியிருந்தால், ‘நாள்தோறும் அருந்துபவர் அன்று மட்டும் நிறுத்தினால்’ என்னும் பகுதியைப் பயணத்திற்குச் சில நாட்கள் முன்பே படித்துவிடுங்கள்.

பூங்காவில் மது கிடைக்குமா?

தமிழ்நாட்டில் மதுபானச் சில்லறை விற்பனை 2003 நவம்பர் முதல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின், அதாவது டாஸ்மாக் நிறுவனத்தின், கையில் உள்ளது. இது தவிர, உரிமம் பெற்ற நட்சத்திர விடுதிகளிலும் மன்றங்களிலும் மது பரிமாறப்படுகிறது. குடும்பத்தினர் செல்லும் கேளிக்கைப் பூங்காக்களின் சிற்றுண்டிக் கடைகளில் மது விற்கப்படுவதில்லை. மதுவை உள்ளே கொண்டு செல்லவும், அருந்திய நிலையில் ராட்டினங்களில் ஏறவும் பூங்காக்களின் விதிகள் தடை விதிக்கின்றன. 21 வயது நிறையாதவருக்கு மது விற்பது சட்டப்படி குற்றமாகும்.

பூங்காவில் கிடைக்காது என்பதனாலேயே வேறொரு வழக்கம் உருவாகியுள்ளது. டாஸ்மாக் கடைகள் நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடப்படுகின்றன. பூங்காக்களோ முற்பகலிலேயே திறந்துவிடுகின்றன. எனவே அன்றைக்கு வேண்டியது முந்தைய இரவே வாங்கி வைக்கப்படுகிறது. வாயிலில் பையைச் சோதிப்பார்கள் என்பதால், வாகன நிறுத்துமிடத்தில் நின்றபடியே, வெறும் வயிற்றில், பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் முழுவதும் குடித்து முடிக்கப்படுகிறது. மீதம் இருந்தால் குளிர்பானப் புட்டிக்கு மாற்றப்படுகிறது. விருந்தொன்றில் மூன்று மணி நேரத்தில் அருந்தும் அளவை ஒருவர் கால் மணி நேரத்தில் அருந்திவிட்டு, நேரே வெயிலுக்கும் ராட்டினத்திற்கும் செல்கிறார். பூங்காச் சுற்றுலாவில் மது விளைவிக்கும் தீங்குகளுள் பெரும்பாலானவை இந்த அவசரத்திலிருந்தே தொடங்குகின்றன.

முந்தைய இரவு வாங்காதவர், காலையில் கடை திறவாத நேரத்தில் சாலையோரத்தில் யாரோ ஒருவரிடம் கூடுதல் விலைக்கு வாங்குவதும் உண்டு. திருவள்ளுவர் நாள், குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றில் கடைகள் நாள் முழுவதும் மூடப்பட்டிருக்கும். பூங்காக்களில் கூட்டம் மிகுவதும் இதே விடுமுறைகளில்தான். அடையாளம் தெரியாத இடத்தில் வாங்கும் சரக்கில் மெத்தனால் கலந்திருக்கக்கூடும். 2023 மே மாதம் செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் பகுதியிலும் விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் மெத்தனால் நஞ்சினால்தான். குடித்த சில மணி நேரம் வரை மெத்தனால் சாதாரண மதுவைப் போலவே தோன்றும். கடும் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, பார்வை மங்குதல் ஆகியவை பெரும்பாலும் அரை நாள் முதல் ஒரு நாள் கழித்தே தென்படும். முந்தைய நாள் அருந்தியவர் மறுநாள் “கண் பனிமூட்டம் போல் தெரிகிறது” என்று கூறினால், தலைவலி தணியட்டும் என்று காத்திராமல் உடனே பெரிய அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மாற்று மருந்தும் டயாலிசிஸ் சிகிச்சையும் உரிய நேரத்தில் கிடைத்தால் உயிரையும் பார்வையையும் காக்க இயலும்.

ஒரு குவார்ட்டர் உடலில் எவ்வளவு நேரம் தங்கும்?

நம் நாட்டில் விற்கப்படும் விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றில் ஏறத்தாழ 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ளது. அதன்படி 30 மில்லி லிட்டரில் 10 கிராம் ஆல்கஹால் இருக்கும். பேச்சுவழக்கில் குவார்ட்டர் எனப்படும் 180 மில்லி லிட்டரில் சுமார் 60 கிராமும், இருவர் பகிர்ந்துகொள்ளும் ‘கட்டிங்’ எனப்படும் 90 மில்லி லிட்டரில் சுமார் 30 கிராமும் உள்ளன. 650 மில்லி லிட்டர் ஸ்ட்ராங் பீரில் ஆல்கஹால் 8 விழுக்காடு என்றால், அதில் 40 கிராம் இருக்கும். அதாவது அந்த ஒரு பீர் கட்டிங்கைவிட அதிகம். ‘பீர் மது அல்ல, உடலுக்குக் குளிர்ச்சி’ என்னும் பேச்சு இன்னும் ஓயாததால் இக்கணக்கைக் குறிப்பிட வேண்டியுள்ளது.

ஆல்கஹாலை உடலிலிருந்து நீக்கும் பணியைப் பெரும்பாலும் கல்லீரலே செய்கிறது. சராசரி எடையுள்ள ஒருவரின் கல்லீரல் மணிக்குச் சுமார் 7 கிராம் ஆல்கஹாலைச் சிதைக்கும். காலை 11 மணிக்கு ஒரு குவார்ட்டர் அருந்தியவரின் ரத்தம் முழுமையாகத் தெளிய இரவு 7 அல்லது 8 மணியாகிவிடும். எடை குறைந்தவருக்கும் கல்லீரல் நோய் உள்ளவருக்கும் இன்னும் நேரமாகும். பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவாதலால், அதே அளவு மது அவர்களது ரத்தத்தில் கூடுதல் செறிவை உண்டாக்கும்.

மோர், எலுமிச்சைச் சாறு, கருப்புக் காபி, குளிர்ந்த நீரில் குளியல் ஆகிய எவையும் இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. காபி அருந்தியவர் விழித்திருப்பார். ஆனால் அவரது போதை குறைந்திருக்காது. தெளிந்துவிட்டதாக அவர் நம்புவதால் ஆபத்து மிகுகிறது.

வெயிலிலும் ராட்டினத்திலும் நீரிலும்

சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் என்னும் ஹார்மோனை மது அடக்குகிறது. எனவே அருந்தியவர் அருந்திய அளவைவிட மிகுதியான நீரைச் சிறுநீராக இழக்கிறார். மே மாதக் கத்திரி வெயிலில் சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில், வியர்வையால் ஏற்படும் இழப்பும் இதனுடன் சேர்கிறது. நீரிழப்பு, ரத்த அழுத்தத் தாழ்வு, மயக்கம் என்று இது தொடரும். உயர் ரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்பவருக்கும் சிறுநீர் பெருக்கி மாத்திரை உட்கொள்பவருக்கும் இந்நிலை விரைவில் வந்துவிடும்.

ராட்டினம் குறித்து ஒரு விளக்கம். உடலின் சமநிலையை உணர்த்தும் உறுப்பு உட்செவியில் உள்ளது. அதனுள் இருக்கும் மெல்லிய சவ்விலும் அதைச் சூழ்ந்த திரவத்திலும் ஆல்கஹால் ஒரே வேகத்தில் கலப்பதில்லை. இரண்டின் அடர்த்தியும் மாறுபடுவதால், அசையாமல் படுத்திருப்பவருக்கும் உலகம் சுழல்வது போலத் தோன்றுகிறது. மது அருந்தியவர் படுத்தவுடன் தலைசுற்றல் மிகுவது இதனால்தான். இந்நிலையில் உண்மையாகவே சுழலும் ராட்டினத்தில் அமர்ந்தால் வாந்தி ஏறத்தாழ உறுதி. தோள்பட்டையை இறுக்கிப் பிடிக்கும் தடுப்புக்குள், தலை கீழாகவோ பின்னோக்கியோ சாய்ந்திருக்கும்போது வாந்தி எடுப்பவருக்கு, அது மூச்சுக்குழாய்க்குள் சென்று அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. போதை இல்லாத உடல் இருமித் தள்ளிவிடும். போதையில் அந்த அனிச்சைச் செயல் மந்தமடைகிறது. ஊழியர் ஒருவர் ராட்டினத்தில் ஏற்ற மறுத்தால், அவருடன் வாதிடாதீர்கள். அவர் உங்கள் உறவினரைக் காக்கிறார்.

அலைக்குளத்தில் நிலைமை இன்னும் கடினம். மூழ்குபவர் கையசைத்துக் கூவுவார் என்று பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அவர் ஓசையின்றியே மூழ்குகிறார். மார்பளவு நீரில் கால் இடறிய ஒருவர் எழுந்து நிற்பதற்குத் தேவையான ஓரிரு நொடி விழிப்பைக்கூட மது பறித்துவிடும். அருந்தியவரின் பொறுப்பில் குழந்தையை நீரில் விடாதீர்கள். அவர் எவ்வளவு பொறுப்பானவராக இருந்தாலும் இது பொருந்தும்.

இதய நோயாளிகளுக்கு ஒரு சொல். விடுமுறை நாட்களில் மிகுதியாகக் குடித்தவர்களுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கற்றுப் போவதை 1978-இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் எட்டிங்கரும் அவருடைய குழுவினரும் விவரித்து, அதற்கு ‘விடுமுறை இதயம்’ என்னும் பொருள்பட ஒரு பெயரிட்டனர். இதய நோய் முன்னர் கண்டறியப்படாதவர்களிடமும் இது காணப்பட்டது. படபடப்பு, மூச்சுத் திணறல், மார்பில் இறுக்கம் ஆகியவற்றை ராட்டினம் தந்த பரபரப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பத்து நிமிடம் அமர்ந்த பின்னும் அடங்காத படபடப்பிற்கு இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும்.

குளிர்பானப் புட்டியும் குழந்தைகளும்

மதுவைக் குளிர்பானத்தில் கலந்து அதே புட்டியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இப்பயணங்களில் மிகுதி. தாகத்தோடு ஓடிவரும் குழந்தை அந்தப் புட்டியை எடுத்துக் குடிப்பதற்கு ஒரு கணம் போதும். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 30 மில்லி லிட்டர் பிராந்தியே கடும் நச்சு நிலையை உண்டாக்கும். குழந்தையின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. புதிய சர்க்கரை உருவாவதை ஆல்கஹால் தடுப்பதால், ரத்தச் சர்க்கரை சரிந்து, உறக்கம், வலிப்பு, நினைவிழப்பு என்று நிலை முற்றும். குழந்தை ‘அசதியில் தூங்குகிறது’ என்று தோளில் சாய்த்துக்கொண்டு மணிக்கணக்கில் நடந்துவிட வாய்ப்புண்டு. குடித்தது ஒரு மிடறா, இரண்டா என்று ஆராய்ந்து கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். குழந்தை விழிப்புடன் விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் சர்க்கரை கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். எஞ்சிய புட்டியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மருந்து உட்கொள்பவர்கள்

நீரிழிவு நோய்க்கு இன்சுலின் செலுத்திக்கொள்பவரும், கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட் வகை மாத்திரை உட்கொள்பவரும் மது அருந்தினால், தாழ்நிலைச் சர்க்கரை அன்று இரவோ மறுநாள் காலையோகூட ஏற்படலாம். நடை, வெயில், தாமதமான மதிய உணவு ஆகிய மூன்றும் சேரும் பூங்காப் பயணம் இதற்கு மிகவும் தோதான சூழல். இதில் சிக்கல் என்னவெனில், தாழ்நிலைச் சர்க்கரைக்கும் போதைக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. தள்ளாட்டம், குழறிய பேச்சு, எரிச்சல், வியர்வை ஆகியவை இரண்டிலும் உண்டு. மது வாடை வீசுகிறது என்பதால் சர்க்கரையைச் சோதிக்காமல் விட்டுவிடக் கூடாது. மெட்ஃபார்மின் உட்கொள்பவர் மிகுதியாகக் குடித்து நீரிழப்பும் அடைந்தால், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் அரிய, ஆனால் கடுமையான நிலை ஏற்படலாம்.

பேருந்திலும் ராட்டினத்திலும் குமட்டல் வராதிருக்கப் பலர் முன்னதாகப் போட்டுக்கொள்ளும் அவோமின் மாத்திரையில் புரோமெதசின் உள்ளது. மதுவுடன் சேர்ந்தால் அது ஆழ்ந்த உறக்கத்தையும் மூச்சுக் குறைவையும் உண்டாக்கும். அல்ப்ரசோலம், குளோனசெபம் முதலிய மனநல மருந்துகளுக்கும், சளி, அரிப்பு ஆகியவற்றிற்கான உறக்கம் தரும் மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். கடைசி இரண்டையும் மருந்து என்றே பலர் கருதுவதில்லை. வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்பவர், மது அருந்துவதற்காக ஒரு வேளை மருந்தைத் தவிர்ப்பது இரட்டைத் தவறு. மருந்து நின்றதும் மதுவும் தனித்தனியே வலிப்பைத் தூண்டும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் போதையில் விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் ஸ்கேன் தேவைப்படும்.

நாள்தோறும் அருந்துபவர் அன்று மட்டும் நிறுத்தினால்

“நாளைக்கு ஒரு நாளாவது குடிக்காமல் எங்களோடு வாருங்கள்” என்று பிள்ளைகள் கேட்கின்றனர். தந்தை ஒப்புக்கொள்கிறார், உண்மையாகவே தவிர்க்கிறார். குடும்பம் மகிழ்கிறது. நல்லெண்ணத்தில் எடுத்த அம்முடிவே, மருத்துவ முன்னேற்பாடு இல்லாதபோது, அந்த நாளைக் கேடாக்கிவிடக்கூடும்.

ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மிகுதியாக அருந்தியவரின் மூளை, மதுவின் அமைதிப்படுத்தும் விளைவுக்கு ஈடுகொடுத்து, எப்போதும் கூடுதல் விசையுடன் இயங்கப் பழகியிருக்கும். மது திடீரென நின்றால் அந்த விசை மட்டும் எஞ்சும். கடைசியாக அருந்தி 6 முதல் 12 மணி நேரத்திற்குள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, காரணமற்ற பதற்றம் ஆகியவை தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்திற்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில், இல்லாதவற்றைக் காணுதல், இடம் பொழுது அறியாத குழப்பம், காய்ச்சல் ஆகியவற்றுடன் கூடிய நடுக்கச் சித்தப்பிரமை என்னும் உயிராபத்தான நிலை சிலருக்கு உண்டாகும். குடிக்கு அடிமையான எல்லோருக்கும் இவை அனைத்தும் வருவதில்லை. காலையில் எழுந்ததும் கை நடுங்குபவர், நடுக்கத்தை அடக்கவே காலையில் அருந்துபவர், முன்பு எப்போதாவது மதுவை நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்தவர் ஆகியோருக்கு வாய்ப்பு மிகுதி.

இப்போது மணிக்கணக்கைப் பயணத்தோடு பொருத்திப் பாருங்கள். முந்தைய இரவு பத்து மணிக்குக் கடைசியாக அருந்தியவர், காலை 11 மணிக்குப் பூங்காவினுள் நுழையும்போது 13 மணி நேரம் கடந்திருக்கும். வியர்வையை வெயில் என்றும், நடுக்கத்தைப் பசி என்றும், எரிச்சலைக் கூட்ட நெரிசல் என்றும் உடன் இருப்போர் எண்ணுவர். வலிப்பு வரக்கூடிய நேர இடைவெளிக்குள், அவர் அலைக்குளத்தில் பிள்ளைகளுடன் நின்றுகொண்டிருப்பார்.

இதற்காக அவருக்கு மதுவைக் கையில் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள் என்று பொருள் கொள்ள வேண்டாம். நிறுத்தும் நாளைச் சுற்றுலா நாளாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் நிறுத்த விரும்புகிறார் என்பதே பெரிய செய்தி. அந்த விருப்பத்தைக் கையோடு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நடுக்கமும் வலிப்பும் வராமல் காக்கும் மருந்துகளும், தயமின் என்னும் வைட்டமின் பி-1 ஊசியும் கொடுத்து, மருத்துவமனையில் சில நாட்களில் பாதுகாப்பாக மதுவை நிறுத்த இயலும். சுற்றுலா அதற்குப் பிறகு இருக்கட்டும். பிள்ளைகளிடம் “அப்பா உடம்பு சரியானதும் போகலாம்” என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை.

பயணத்தின் நடுவே நடுக்கம் தொடங்கிவிட்டதெனில், அவரை நிழலில் அமர்த்துங்கள். ராட்டினமும் நீரும் வேண்டாம். அவரைத் தனியே விட்டு மற்றவர்கள் சென்றுவிட வேண்டாம். பூங்காவின் முதலுதவி அறையில் உண்மையைச் சொல்லி, அருகிலுள்ள மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கையிலுள்ள தூக்க மாத்திரையையோ சிறிது மதுவையோ கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வலிப்பு வந்தால் தலை இடிபடாமல் மென்மையான துணியை வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணிப்பதும், பற்களுக்கிடையே எதையேனும் செருகுவதும் காயத்தையே உண்டாக்கும். வலிப்பு இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டாலும், மது நின்றதால் வந்த வலிப்புக்கு அன்றே மருத்துவமனைச் சிகிச்சை தேவை.

மதுவை விட்டு மீண்டு வருபவர்

சிகிச்சை முடித்துச் சில வாரங்களோ மாதங்களோ ஆனவரைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்வதில் தவறில்லை. மது இன்றியும் மகிழ முடியும் என்பதை உடல் மீண்டும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அது. உடன் வருபவர் யார் என்பதைப் பொறுத்தே விளைவு அமையும். அலுவலக நண்பர்களின் வேனில், பின்னிருக்கையில் புட்டி திறக்கப்படும் பயணத்தில், “ஒரு கட்டிங்தானே” என்னும் வற்புறுத்தலை ஒரு நாள் முழுவதும் எதிர்கொள்வது எளிதன்று. மறுப்பதற்குரிய சொற்களை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பது உதவும். “மருந்து சாப்பிடுகிறேன், டாக்டர் கூடாது என்றிருக்கிறார்” என்பது போதும். விளக்கம் தரவேண்டிய கடமை அவருக்கு இல்லை.

டைசல்ஃபிரம் மாத்திரை உட்கொள்பவருக்குச் சிறிதளவு மதுவே முகச் சிவப்பு, கடும் தலைவலி, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு ஆகியவற்றை உண்டாக்கும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரையிலும் இது நிகழலாம். இம்மாத்திரையை அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுப்பது சிகிச்சை ஆகாது. அவர் உயிருக்கே ஆபத்து. குடற்புண், பல் தொற்று ஆகியவற்றிற்குத் தரப்படும் மெட்ரோனிடசோல் உட்கொள்ளும் நாட்களிலும் மதுவைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது.

வெளிநாட்டுப் பயணத்தில் வேறொரு சூழல். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் 1955-இல் திறக்கப்பட்டபோது பொதுமக்களுக்கு மது விற்காத பூங்காவாகவே இருந்தது; 2019-இல்தான் அங்கு ஓரிடத்தில் விற்பனை தொடங்கியது. 1992-இல் மதுவின்றித் திறக்கப்பட்ட பாரிஸ் டிஸ்னி பூங்கா மறு ஆண்டே தன் விதியைத் தளர்த்திக்கொண்டது. சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்குச் செல்லும்போதும் பூங்கா வளாகங்களில் மது கண்ணில் படும். மீண்டு வருபவருடன் செல்லும் குடும்பம் இதை எதிர்பார்த்தே செல்ல வேண்டும். சட்டப்படி விற்கப்படுவதனால் தீங்கு குறைவதில்லை. உடல்நலத்திற்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்துள்ளது.

மயங்கிக் கிடந்தால்

“போதையில் இருக்கிறார், காரில் படுக்க வையுங்கள், தெளிந்துவிடும்” என்பது அடிக்கடி கேட்கும் அறிவுரை. மிகவும் ஆபத்தானதும் அதுவே. வெயிலில் நிறுத்திய, மூடிய காரின் உட்புறம் சில நிமிடங்களிலேயே வெளி வெப்பத்தைவிடப் பல டிகிரி மிகும். அருந்திய மதுவின் ஒரு பகுதி இன்னும் வயிற்றிலேயே இருப்பதால், உறங்கத் தொடங்கிய பிறகும் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு ஏறிக்கொண்டிருக்கும். மல்லாந்து படுத்த நிலையில் வாந்தி எடுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும்.

பெயர் சொல்லி அழைத்து, தோளை உலுக்கியும் விழிக்காதவர், நிமிடத்திற்கு எட்டு முறைக்கும் குறைவாக மூச்சு விடுபவர், உதடு நீலம் பாய்ந்தவர், உடல் சில்லிட்டவர், தொடர்ந்து வாந்தி எடுப்பவர், தலையில் அடிபட்டவர் ஆகியோருக்கு 108 தேவை. தோல் அனலாய்க் கொதித்து, பேச்சு குழம்பியிருந்தால் வெப்பத்தாக்கமாக இருக்கலாம். நிழலுக்கு மாற்றி, உடலை நீரால் நனைத்து, விசிறிக்கொண்டே ஊர்திக்குக் காத்திருங்கள். மற்றவர்களை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய் தரையை நோக்கிச் சாய்ந்திருக்குமாறு வைத்து, அருகிலேயே இருங்கள். உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கூடாது. விழிப்பில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மருத்துவமனையில் பலர் மதுவை மறைக்கின்றனர். மானம் போய்விடும் என்னும் தயக்கமும், காவல் வழக்காகிவிடும் என்னும் அச்சமும் புரிந்துகொள்ளத்தக்கவையே. ஆயினும் எப்போது, எவ்வளவு, எங்கு வாங்கியது, வேறென்ன மாத்திரை, நாள்தோறும் அருந்துபவரா என்னும் ஐந்து செய்திகளைக் கொண்டே மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்கிறார். இவற்றுள் ஒன்றை மறைத்தாலும் தவறான மருந்து செலுத்தப்படலாம். சிகிச்சை அளிப்பவர் உங்கள் குடும்பத்தை எடைபோடுவதற்காக இவற்றைக் கேட்பதில்லை.

திரும்பும் வழி

100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முற்பகலில் ஒரு குவார்ட்டர் அருந்தியவர், மாலை ஐந்து மணிக்குத் தெளிவாகப் பேசினாலும், இவ்வரம்புக்கு மேல் இருக்க வாய்ப்பு மிகுதி. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் இருள் கவியும் நேரத்தில், களைத்த குழந்தைகள் பின்னிருக்கையில் உறங்க, அவர் கையில் சாவி இருக்கலாகாது. யார் ஓட்டுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். மாற்று ஓட்டுநர் இல்லையெனில் மாநகரப் பேருந்து, வாடகைக் கார் ஆகியவற்றை நாடுங்கள். சாவியைத் தர மறுப்பவருடன் வாகனத்தில் ஏற மறுக்கும் உரிமை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு.

உதவி பெற

அவசர ஊர்திக்கு 108-ஐயும், மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐயும் அழைக்கலாம். குடிப்பழக்கத்திலிருந்து மீள 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய கட்டணமில்லா எண்கள் உள்ளன. பேச வேண்டியவர் குடிப்பவர்தான் என்பதில்லை. மனைவி, தாய், மகன், மகள் எவரும் அழைத்து வழி கேட்கலாம். தாம்பரம் பகுதியினர் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ, சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தையோ அணுகலாம். முதல் வருகையின்போது, தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும், பழைய சிகிச்சைச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லவும். அவர் வர மறுத்தால், அவரின்றியே சென்று மருத்துவரைச் சந்திக்கலாம்.